ராமநாதபுரம் கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எங்கள் கடலுக்கு அடியில் அரபு நாடுகள் அளவுக்கு எண்ணெய் கிடக்கிறது, தெரிந்தே எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா? எங்கள் பனங்காட்டை ஒட்டி வேலி போட்டு, வால்வுகளோடு ஒரு இரும்புக் குழாய் நிற்கிறது. அது என்ன? அதன் பக்கத்தில் போர் போடலாமா?”

தம்பி, முதல் கேள்விக்கு நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். இருக்கிறது. ஆனால் எண்ணெயை விட எரிவாயுதான் அதிகம். அதுவும் ஒரே பெரிய கிடங்காக இல்லை. நம் வீட்டுப் பரணில் அடுக்கி வைத்த பானைகள் மாதிரி சின்னச் சின்னதாக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்கிறது. யாரும் மறைத்தும் வைக்கவில்லை. ராமேஸ்வரம் போகிற வழியில் வழுதூர் மின்நிலையத்தைப் பார்த்திருப்பீர்கள். 187.2 மெகாவாட் திறனுள்ள அந்த நிலையம் நம் மாவட்டத்து வாயுவை நம்பிக் கட்டப்பட்டது. பெருங்குளம், பெரியபட்டினம், காஞ்சிரங்குடி என்று நமக்குத் தெரிந்த ஊர்ப் பெயர்களிலேயே வாயு வயல்கள் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் குழாய்ப் பாதை திறக்கப்பட்டதும் இந்த வாயுவுக்காகத்தான். அங்கே ஸ்பிக் உர ஆலைக்கு அது போகிறது.

நான் ஜியாலஜி படித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் ரிக்குகளில், அதாவது எண்ணெய்க் கிணறு துளையிடும் மேடைகளில், வேலை பார்த்தவன். சொந்த ஊர் உச்சிப்புளிப் பக்கம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். நம் கடல் ஏன் இப்படி இருக்கிறது என்பது தெரிந்தால், எண்ணெய் ஏன் இவ்வளவுதான் இருக்கிறது என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

இந்தியா, இலங்கை, அண்டார்டிகா எல்லாம் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக் கிடந்தவை. சுமார் 15 கோடி வருடங்களுக்கு முன்னால் அந்த நிலம் விரியத் தொடங்கியது. காய்ந்த கண்மாயில் களிமண் பாளம் பாளமாகப் பிளக்கிறதே, அதுபோல நிலம் வடகிழக்கு, தென்மேற்காக நீள நீளமாகப் பிளந்தது. பிளவுகளுக்கு நடுவே சில பாளங்கள் கீழே இறங்கிப் பள்ளங்கள் ஆயின. சில அப்படியே மேடாக நின்றன. அண்டார்டிகா முழுதாகப் பிரிந்து தெற்கே போய்விட்டது. இலங்கைக்கும் நமக்கும் நடுவே பிளவு தொடங்கியதே தவிர முடியவில்லை. பாதியில் நின்றுபோன அந்தப் பிளவுதான் இன்று மன்னார் வளைகுடாவாகவும் பாக் விரிகுடாவாகவும் இருக்கிறது.

புதுச்சேரியிலிருந்து தூத்துக்குடி வரை கரையும் கடலுமாகக் கிடக்கும் இந்தப் பள்ளத் தொகுதிக்குக் காவிரிப் படுகை என்று பெயர். காவிரி நம் பக்கம் வருவதில்லையே என்று கேட்கலாம். பெயர் ஆற்றின் பெயர்தான், ஆனால் பள்ளம் ஆற்றை விடப் பல கோடி வருடம் மூத்தது. அந்தப் பள்ளங்களில் ஆறுகள் கொண்டுவந்த மணலும் வண்டலும், பிறகு கடல் உள்ளே புகுந்தபோது படிந்த சேறும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக நிரம்பின. ஆழமான இடங்களில் இந்தப் படிவு ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் கனம். படுகையின் மேற்கு விளிம்பைப் பார்க்க ரிக் தேவையில்லை. சிவகங்கைப் பக்கம் பழைய கோண்டுவானாப் படிவுகள் மண்ணுக்கு மேலேயே தெரிகின்றன, அவற்றில் செடி இலைகளின் அச்சு பதிந்திருக்கிறது. அங்கிருந்து கிழக்கே வரவர அடிப்பாறை கீழே இறங்கிக்கொண்டே போகும்.

இந்த அடுக்குகளின் பெயர்கள் எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆண்டிமடம், சாத்தப்பாடி, புவனகிரி, நன்னிலம், காமலாபுரம், திருப்பூண்டி. எல்லாம் வடக்கே உள்ள ஊர்கள். அந்தந்த ஊர்களில்தான் முதலில் அடையாளம் கண்டார்கள் என்பதால் அதே பெயர் நம் காலுக்கு அடியில் இருக்கும் பாறைக்கும் வந்துவிட்டது. பெருங்குளத்தில் ரிக் ஓடும்போது “நன்னிலம் வந்துவிட்டது” என்று நாங்கள் பேசிக்கொண்டால், பக்கத்தில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணன் திரும்பிப் பார்ப்பார். நம் மாவட்டத்தின் வாயு பெரும்பாலும் அந்த நன்னிலம் அடுக்கின் மணற்பாறையில்தான் தங்கியிருக்கிறது. டைனோசர்கள் நடமாடிய கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில் கடலுக்கடியில் படிந்த மணல் அது.

இனி மண்டபம். மண்டபத்திலிருந்து நெடுந்தீவை நோக்கிக் கடலுக்கடியில் ஒரு பாறை மேடு நீண்டு போகிறது. டச்சுக்காரர்கள் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று பெயர் வைத்ததால் அறிவியல் நூல்களில் அது மண்டபம்–டெல்ஃப்ட் மேடு. இந்த மேட்டுக்கு வடமேற்கே ராமநாதபுரம்–பாக் விரிகுடாப் பள்ளம், தென்கிழக்கே மன்னார்ப் பள்ளம். நம் மீனவர்கள் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். அலையையும் காற்றையும் வைத்துச் சொன்ன பெயர்கள் அவை. பாறையும் அந்தப் பெயர்களுக்கு ஒத்துத்தான் போகிறது. பாக் விரிகுடாவில் பெரும்பாலான இடங்களில் தண்ணீர் 15 மீட்டர்கூட ஆழமில்லை, 20,000 வருடங்களுக்கு முன்னால் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது அது வெறும் தரை. மன்னார் வளைகுடாவோ தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரைத் தாண்டி இறங்குகிறது. இரண்டு கடலிலும் தேடுகிற முறை, செலவு, ஆபத்து எல்லாம் வேறுபடுவதற்கு இதுவே காரணம்.

பள்ளத்தில் படிவு இருந்தால் மட்டும் எண்ணெய் வந்துவிடாது. கடல் நுண்ணுயிர்களும் தாவரக் கழிவும் கலந்த கரிய சேறு புதைந்து, காற்றுப் படாமல் இறுகி, பதமான சூட்டில் கோடிக்கணக்கான வருடம் வேக வேண்டும். ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி வரை எண்ணெய் உருவாகும். அதற்கு மேல் சூடு ஏறினால் எண்ணெய் உடைந்து வாயுவாகிவிடும். சேற்றில் தாவரக் கழிவு அதிகமாக இருந்தாலும் வாயுதான் மிகுதியாக வரும். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 30 டிகிரி அளவுக்குச் சூடு கூடும் என்று வைத்துக்கொண்டால், இந்தச் சமையல் எந்த ஆழத்தில் நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆண்டிமடம், சாத்தப்பாடி அடுக்குகளில் சேறு இறுகி உருவான ஷேல் பாறைதான் இந்தப் படுகையின் முக்கியமான அடுப்பு. அங்கே உருவானது மேலே கசிந்து ஏறி, வழியில் ஒரு மணற்பாறையில் நுழைந்து, அதற்கு மேலே இறுக்கமான மூடி இருந்தால் மட்டும் தங்கும். மூடியில் ஒரு விரிசல் இருந்தாலும் போச்சு.

நம் பகுதி பிளந்த பகுதி என்றேன் அல்லவா? அதனால் மணற்பாறை எதுவும் தொடர்ச்சியாக இல்லை. நடுநடுவே வெடிப்புகள் வெட்டிக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு துண்டும் தனிப் பானை. சவூதியின் கவார் வயல் ஒரே கட்டமைப்பாக 280 கிலோமீட்டர் நீளம். நம் ராமநாதபுரத்தில் தொடங்கி கடற்கரைச் சாலையிலேயே ஏறத்தாழ சீர்காழி வரை போகிற தூரம் அது, அவ்வளவும் ஒரே வயல். இங்கே ஒரு வாயு வயல் ஓரிரு கிராம எல்லைக்குள் முடிந்துவிடும். கீழக்கரையில் பல வீடுகளில் வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் இருப்பதால் அந்த ஒப்பீடு இயல்பாக வருகிறது. பாறை மட்டும் அதற்கு ஒத்துழைக்கவில்லை.

சரி, தேடிய கதைக்கு வருவோம். மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 1956-ல் உருவானது. காவிரிப் படுகையில் அது முதல் ஆழக் கிணறு போட்டது 1964-ல், காரைக்காலில். நாட்டின் முதல் கடல் கிணறு 1970-ல் குஜராத்தின் காம்பே வளைகுடாவில், அலியாபெட்டில். 1974 பிப்ரவரியில் சாகர் சாம்ராட் என்ற ரிக் மும்பைக்கு மேற்கே கடலில் பம்பாய் ஹை என்ற இடத்தில் எண்ணெயைக் கண்டது. மொய் எழுதும்போது நூறோடு சேர்த்து வைப்போமே, அந்த ஒரு ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள், அதில் கடலில் கால் ஊன்றி நிற்பது அந்த ரிக்தான்.

பம்பாய் ஹைக்குப் பிறகு எல்லாக் கடலிலும் ஆசை பிறந்தது. கனடாவின் அசமேரா நிறுவனம் 1975-ல் காவிரிக் கடல் பகுதிக்கு ஒப்பந்தம் போட்டது. வணிக அளவில் எதுவும் கிடைக்காமல் திரும்பிப் போனது. அதே பத்தாண்டில் எதிர்க்கரையில் மன்னார்த் தீவின் பேசாலையில் இலங்கை அரசு சோவியத் உதவியோடு துளையிட்டது. அங்கும் வெறுங்கைதான். தனுஷ்கோடி முனையில் நின்றால் கிழக்கே தலைமன்னார் இருக்கிறதே, அதற்கு அடுத்த ஊர்தான் பேசாலை. இரண்டு நாடும் ஒரே பள்ளத்தை இரண்டு கரையிலிருந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். 1974-ல் போட்ட கடல் எல்லை ஒப்பந்தம் என்றாலே நமக்குக் கச்சத்தீவுதான் நினைவுக்கு வரும். வர வேண்டியதுதான், நம் மக்கள் பட்ட பாடு அப்படி. ஆனால் அதே ஒப்பந்தத்தில் எண்ணெய் பற்றியும் ஒரு பிரிவு இருக்கிறது. எண்ணெய் அல்லது எரிவாயு தங்கிய ஒரே கட்டமைப்பு எல்லைக் கோட்டின் இரண்டு பக்கமும் பரவிக் கிடந்து, ஒரு பக்கத்திலிருந்து அதை எடுத்தால், எப்படி எடுப்பது, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்று இரு நாடும் பேசி உடன்பாட்டுக்கு வர முயல வேண்டும் என்கிறது அது. மணலும் சரளையும்கூட அந்தப் பிரிவில் சேர்த்தி. மன்னார் வளைகுடாவுக்கான 1976 ஒப்பந்தத்திலும் இது உண்டு. கோடு போட்டவர்கள் கோட்டுக்கு அடியில் பாறை தொடர்கிறது என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். மீன் விஷயத்திலும் இதே புத்தியோடு எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

பலன் தெரிய ஆரம்பித்தது 80-களில். கடலில் 1980-ல் பி.ஒய்-1 வாயு வயலும் 1988-ல் பி.ஒய்-3 எண்ணெய் வயலும் கிடைத்தன. கரையில் 1985 வாக்கில் நரிமணம். இவையெல்லாம் படுகையின் வடபாதி. நம் பக்கத்து வாயு அதற்குப் பிறகு, 90-களில்தான் ஒவ்வொன்றாக வந்தது. ஆழமான மன்னார் வளைகுடாவில் என்ன இருக்கிறது என்பதற்கு முதல் சரியான பதில் இலங்கைப் பக்கத்தில்தான் கிடைத்தது. 2011 அக்டோபரில் கெய்ர்ன் நிறுவனம் 1,300 மீட்டருக்கும் மேல் ஆழமான தண்ணீரில் டொராடோ என்ற கிணற்றைப் போட்டு வாயு கண்டது. மணற்பாறையில் வாயு நின்ற கனம் சுமார் 25 மீட்டர். அடுத்த மாதமே பாரகுடா என்ற இன்னொரு கிணற்றிலும் வாயு. இரண்டும் இன்றுவரை உற்பத்திக்கு வரவில்லை. அவ்வளவு ஆழத்தில் எடுத்துக் கரை சேர்க்கும் செலவுக்கு அந்த அளவு போதுமா என்ற கணக்கில்தான் இப்படிப்பட்ட வயல்கள் நின்றுவிடுகின்றன.

தேடுவது எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. முதலில் துளை இல்லை, அதிர்வு. சந்தையில் பானை வாங்கும்போது விரலால் தட்டி ஓசையைக் கேட்கிறோமே, அதே வித்தைதான். கரையில் சிறு குழி போட்டு வெடி வைப்பார்கள். கடலில் அழுத்தக் காற்றைப் படாரென்று விடுவார்கள். அந்த அதிர்வு கீழே போய் ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும். திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துப் படம் வரைவார்கள். ஆழ்கடலில் கப்பலுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் கேபிளை இழுத்துப் போகலாம். பாக் விரிகுடாவில் அது நடக்காது. தண்ணீர் இல்லை, திரும்பிய பக்கமெல்லாம் வலை. அதனால் கருவிகளைத் தரையிலேயே போட்டுத்தான் அளக்க வேண்டும்.

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் துளையிட்டால்தான் உண்மை தெரியும். என் வேலை அந்த இடத்தில். துளையிடும்போது உள்ளே அனுப்பும் சேறு, பாறைத் துகள்களை அள்ளிக்கொண்டு மேலே வரும். மூவாயிரம் மீட்டரிலிருந்து துகள் மேலே வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆக, நாங்கள் கையில் பிடித்துப் பார்ப்பது எப்போதும் ஒரு மணி நேரத்துக்கு முந்தைய பாறையை. சல்லடையில் கழுவி, தட்டில் பரப்பி, லென்ஸ் வழியாகப் பார்ப்போம். ஒரு சொட்டு அமிலம் விட்டால் சுண்ணாம்புப் பாறை நுரைக்கும். அப்புறம் புற ஊதா விளக்குப் பெட்டிக்குள் தட்டை வைத்து, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்போம். எண்ணெய் பட்ட மணல் அந்த இருட்டில் மஞ்சளாக மின்னும், நல்லெண்ணெய் விளக்கின் சுடர் நிறம். குழாய் மூட்டில் தடவிய கிரீஸும் கால்சைட் என்ற சுண்ணாம்புத் தாதுவின் சில துகள்களும்கூட மின்னி ஏமாற்றும். அதனால் மேலே கரைப்பானை விட்டுப் பார்ப்போம். உண்மையான எண்ணெய் என்றால் மணலிலிருந்து புகைபோல் மெல்ல இழைந்து வெளியே வரும். அதை முதன்முதலாகப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நம் மாவட்டக் கிணறுகளில் அந்த மின்னலுக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். இங்கே பெரும்பாலும் மீத்தேன். மீத்தேன் மின்னாது. பெட்டி இருட்டாகவே இருக்கும், பக்கத்து அறையில் வாயு அளவி முள் மட்டும் எழும்பும்.

இப்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி.க்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கப்பட்டது. ஆகஸ்டில் அது வெளியே தெரிந்து எதிர்ப்பு எழுந்ததும் தமிழக அரசு அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொன்னது. டெல்டாவைக் காக்கும் 2020-ஆம் வருடத்துச் சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் ராமநாதபுரம் இல்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் சில ஒன்றியங்கள்கூட உண்டு, நாம் இல்லை. கடல் பக்கம் 21 தீவுகளைக் கொண்ட தேசியப் பூங்காவும், 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமும் இருக்கின்றன. எண்ணெய், எரிவாயு தேடுவதற்காக 2025 பிப்ரவரியில் மத்திய அரசு ஏலத்துக்கு அறிவித்த ஆழ்கடல் வட்டாரங்களைப் பற்றி மாநில அரசு கவலை தெரிவித்ததும் இதனால்தான்.

என் நிலையைக் கேட்டால், கரையில் பல வருடமாக ஓடுகிற கிணறுகளை நான் பயத்தோடு பார்ப்பதில்லை. இது மணற்பாறையில் தானாக அழுத்தத்தோடு நிற்கும் வாயு. மன்னார்குடியில் பேசப்பட்ட நிலக்கரி மீத்தேன் வேறு, அதற்கு நிலத்தடி நீரை ஏராளமாக வெளியேற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 1995-ல் ஆந்திரத்தின் பாசர்லபுடியில் ஒரு வாயுக் கிணறு வெடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. தீவுகளுக்கு அருகே, பவளப் பாரும் கடற்பசுவும் இருக்கிற தண்ணீரில் துளையிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே அதிர்வு ஆய்வுகூட வேண்டாம் என்பேன். சின்னப் பானையில் இருக்கும் வாயுவுக்காக அந்தத் தீவுகளைப் பணயம் வைக்கத் தேவையில்லை. அப்புறம், எந்தக் கிணறாக இருந்தாலும் எந்த ஊர், எவ்வளவு ஆழம், கழிவுச் சேற்றை எங்கே கொட்டப் போகிறார்கள் என்பதைத் துளையிடும் முன்னால் அந்த ஊர்க்காரர்களிடம் தமிழில் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் சேற்றுக் குழிக்கு விரிப்பு போடாமல் விட்டு, மழையில் அது பக்கத்து ஊரணிக்கு வழிந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தத் தண்ணீரை அதற்குப் பிறகு யாரும் குடிக்கவில்லை.

கடைசியாக உங்கள் பனங்காட்டுக் குழாய். வேலியும் வால்வுகளும் இருந்தால் அது மூடி முடிக்காத கிணறு. இப்போது ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது பிறகு பார்க்கலாம் என்று நிறுத்தி வைத்திருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அந்த வால்வுத் தொகுதியை ரிக்கில் கிறிஸ்துமஸ் மரம் என்போம். முழுதாகக் கைவிட்ட கிணறு என்றால் உள்ளே சில இடங்களில் சிமெண்ட் அடைப்பு வைத்து, மேல் குழாயை வெட்டித் தகடு பற்றவைத்திருப்பார்கள். வேலியில் உள்ள பலகையில் கிணற்றின் பெயரும் எண்ணும் இருக்கும், அதைக் குறித்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. வீட்டுக்குப் போடும் போர் எட்டும் ஆழத்தை எரிவாயுக் கிணற்றில் இரும்புக் குழாயும் சிமெண்டும் வைத்து மறைத்திருப்பார்கள் என்பதால் உங்கள் போர்த் தண்ணீரும் அந்தக் கிணற்றில் வருவதும் சாதாரணமாகக் கலக்காது. இருந்தாலும் வேலியை ஒட்டிப் போட வேண்டாம், எவ்வளவு தள்ளிப் போடலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போடுங்கள். ஏற்கெனவே அருகில் போர் இருந்தால் தண்ணீரை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். குழாயில் சீறும் சத்தமோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் பீடி, செல்போன் எதுவும் எடுக்காமல் காற்று வரும் பக்கமாக விலகிப் போய்விட்டு, பிறகு தகவல் சொல்லுங்கள். மீத்தேனுக்கு வாடையே கிடையாது, அதனால் வாடை இல்லை என்பதை மட்டும் நம்பி ஆட்டை அந்த வேலிக்குள் மேய விடாதீர்கள்.